குவாரி ரோட்டுக் கொடிக்காரி

தங்கலட்சுமி கையைத் தூக்கினால் பஸ் நிற்கும். ஆவாரங்குளத்தில் வேறு எவருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. மல்லாங்கிணறு பஸ், செங்கல் லாரி, கல்யாண வேன் எல்லாமே அவள் பிடித்த சிவப்புக் கொடிக்கு முன்னால் நின்றிருக்கின்றன. ஒருமுறை போலீஸ் ஜீப்பும் நின்றது. உள்ளேயிருந்தவர் எட்டிப் பார்த்து, "எம்புட்டு நேரம்மா ஆகும்?" என்று கேட்டார். "வெடிச்சு முடிஞ்சு பொகை அடங்கட்டும் சார், அப்புறம் போங்க" என்றாள் இவள். அன்று முழுக்க அதைத் தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கொடி கைக்கு வரும்வரைக்கும் மிளகாய் பறித்தும் பருத்தி எடுத்தும் காலம் தள்ளியவள், வண்டி வந்தால் ரோட்டை விட்டு முள்ளுக்குள் இறங்கி வழிவிட்டே பழகியவள் அவள்.

அந்தக் கொடி ஊர் சண்டை போட்டு வாங்கியது.

ஆவாரங்குளத்துக்கு வடக்கே கருவேலங்காட்டைத் தாண்டிக் கல்குவாரி இருக்கிறது. பாறையில் குழி போட்டு, மருந்து ஏற்றி, வெடித்து, உடைத்த கல்லைப் பக்கத்திலேயே கிரஷரில் அரைத்து ஜல்லியும் எம்-சாண்டும் ஆக்குவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெடித்தபோது, தேங்காய்ப் பருமன் கல் ஒன்று பறந்து வந்து பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தின் ஓட்டுக்கூரையைப் பிளந்துகொண்டு அடுப்பு மேல் விழுந்தது. லீவு நாள். யாருமில்லை. மறுநாள் காலையில் சமைக்க வந்த ஆயா, அடுப்புக்குள் கிடந்த கல்லையும் மேலே தெரிந்த வானத்தையும் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் ஊரே கூடியது.

அன்றைக்கு ரோட்டை மறித்தவர்களில் முதல் ஆள் உக்கிரபாண்டி. ஜல்லி ஏற்றி வந்த டிப்பர் லாரியின் முன்சக்கரத்தில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, "ஏத்திட்டுப் போலே, பாப்பம்" என்றார். டிரைவர் பயந்துபோய் இறங்கி ஓடினான். மூன்று ஊர் சனம் வந்து உட்கார்ந்தது. கடைசியில் தாலுகா ஆபீசில் வைத்துப் பேச்சுவார்த்தை. ஊர் சார்பில் ஒரு கண்காணிப்புக் குழு, அதற்கு உக்கிரபாண்டி தலைவர். வெடிக்கும் நேரம் மதியம் மட்டும். முதல் சங்கு ஊதினால் உள்ளே போகிறவர்களைத் தடுக்க வேண்டும். இரண்டாவது சங்கில் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் வெளியேறியிருக்க வேண்டும். ரோட்டின் இரண்டு முனையிலும் ஊர் தேர்ந்தெடுக்கிற ஆள் கொடி பிடிப்பார்; உள்ளே யாருமில்லை என்று உறுதியானால் கொடியை இறக்கிக் காட்டுவார். இரண்டு கொடியும் இறங்கினால்தான் மூன்றாவது சங்கு, அதற்கப்புறம்தான் வெடி. இறங்காவிட்டால் வெடி கிடையாது. கூலி குவாரியுடையது, ஆள் ஊருடையது.

கிராமசபையில் யார் கொடி பிடிப்பது என்று பேச்சு வந்தபோது, "தங்கலட்சுமிய நிப்பாட்டுங்கப்பா. அவ தொண்டைக்குச் சங்கே வேண்டாம்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துக் கை தூக்கினார்கள். தெற்கு முனை அவளுக்கு. வடக்கு முனை, காலில் கொஞ்சம் ஊனமுள்ள அருஞ்சுனைக்கு.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ஊர்க்காரர்கள் டிப்பர் வைத்திருந்தால் அவர்களுக்குத்தான் முதல் லோடு. அதைக் கேட்டு வாங்கியவரும் உக்கிரபாண்டிதான். "கல்லும் நம்ம கல்லு, தூசியும் நம்ம மூக்குல. லோடு மட்டும் மதுரைக்காரனுக்கா?" என்று அவர் கேட்டது ஊருக்கு நியாயமாகவே பட்டது. அடுத்த வருசத்துக்குள் ஊரில் டிப்பர்கள் வந்தன. உக்கிரபாண்டி ஒன்று வாங்கினார். தங்கலட்சுமியின் புருசன் வீரணன், காலமெல்லாம் அடுத்தவன் வண்டியையே ஓட்டியவர், லோன் போட்டு ஒரு பழைய வண்டியை வாங்கினார். வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்ட அன்று தங்கலட்சுமி புதுச்சேலை கட்டியிருந்தாள். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

அது ஐப்பசி மாசம். காலையிலேயே புழுக்கம். மதியத்துக்கு முன்னால் பாலையா தன் மொபெட்டில் வந்தார். அருப்புக்கோட்டை ஆள். பின்னால் பெரிய மூட்டை கட்டி ஊர் ஊராகப் போய்ச் சேலை, லுங்கி, துண்டு விற்பவர். தங்கலட்சுமி அவரிடம் சேலை எடுத்திருக்கிறாள்.

"எங்கண்ணே, இந்தப் பக்கம்?"

"உள்ள ஒரு தோட்டத்து வீட்ல சுங்குடிச் சேலை கேட்டாங்கம்மா. போட்டுட்டு வந்துர்றேன்."

"வெரசா வந்துருங்க. வெடி இருக்கு இன்னைக்கு."

அவர் தலையாட்டிவிட்டுக் குவாரிக்குப் பக்கவாட்டில் போகிற வண்டிப்பாதையில் இறங்கினார். அப்போது முதல் சங்கு ஊதவில்லை. தடுக்க வேண்டிய நேரமும் வரவில்லை.

சங்கு ஊதிற்று. ஆடு மேய்த்தவர்கள் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்து வீட்டுக்காரர்களும் வழக்கம்போலச் சைக்கிளில் வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். இரண்டாவது சங்கும் ஊதியது. பாலையா வரவில்லை.

"சேலைக்காரரு எங்க?" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டாள்.

"அவரு அப்பவே போயிட்டாரேக்கா. சேலையக் குடுத்த கையோட கெளம்பிட்டாரு."

"எங்கிட்டு?"

"அது தெரியலையே."

தங்கலட்சுமி அருஞ்சுனைக்குப் போன் போட்டாள். அவன் பக்கம் மொபெட் எதுவும் வரவில்லை என்றான். ஆனால் நடுவில் தண்ணீர் குடிக்கப் போனதாகவும் சொன்னான். அவன் கொடியை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தான். அவள் இறக்கவில்லை.

அந்த நேரத்தில் மேற்கே வானம் கறுத்தது. காரியாபட்டிப் பக்கம் மின்னல் வெட்டியது. இடிச் சத்தம் தள்ளித்தான் கேட்டது. ஆனால் குவாரிக்குள்ளிருந்து வெடிக்காரர் ஓடிவந்துவிட்டார்.

"குழி பூராவும் மருந்து ஏத்தியாச்சு. ஒயரும் குடுத்தாச்சு. மின்னல் கிட்ட வந்துச்சுன்னா அதுபாட்டுக்கு வெடிக்கும். எங்க ஆளுக ஒயர்கிட்ட நிக்கிறாங்க, வெடியப் போட்டாத்தான் வெளிய வர முடியும். கொடிய எறக்கும்மா!"

"உள்ள ஒரு ஆளு இருக்காரு."

"பாத்தியா நீ?"

"போனதப் பாத்தேன். வந்ததப் பாக்கல."

தகவல் போய் மேனேஜர் வந்தார், உக்கிரபாண்டி வந்தார். ரோட்டில் காலி டிப்பர்கள் நீளமாக நின்றன. அதில் ஒன்று வீரணனுடையது. அவர் இறங்கி வந்து தாழ்ந்த குரலில், "ஏ தங்கம், அந்தாளு வடக்க போயி இந்நேரம் அடுத்த ஊரு சேந்திருப்பாரு. எறக்கித் தொலை. மழ வந்துச்சுன்னா இன்னைக்கு லோடு போச்சு" என்றார்.

"அவரு நம்பர் யார்ட்டயாவது இருக்கா?" என்று அவள் கேட்டாள். யாரிடமும் இல்லை. எல்லா வீட்டிலும் அவர் விற்ற சேலை இருந்தது. அவர் நம்பர் இல்லை.

உக்கிரபாண்டி சும்மா இருக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வண்டிப்பாதையில் போய் ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "ஒரு குருவியக் காணோம்" என்றார். அப்போது ஒரு மின்னல், வெள்ளை வெளேரென்று கிரஷர் கூரைக்கு மேலேயே இறங்கியதைப் போலிருந்தது. பின்னால் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வெடிக்காரர் அழுகிற குரலில், "அண்ணே, எம்பயலுக உள்ள நிக்கிறாய்ங்க" என்றார்.

"மாமா, இன்னொருவாட்டி பாத்துருவோம்" என்றாள் தங்கலட்சுமி, உக்கிரபாண்டியிடம்.

"இன்னொருவாட்டி பாத்துக்கிட்டு இருந்தா ஒயர்கிட்ட நிக்கிற பயலுக செத்துருவாய்ங்க. எறக்குத்தா."

பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டிப்பர்களுக்குப் பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர் திட்டினார். வீரணன் அவள் முழங்கையைத் தொட்டார். தலைக்கு மேலே இருந்த கொடி முகத்துக்கு வந்தது. முகத்திலிருந்து தோளுக்கு வந்தது.

உக்கிரபாண்டி அதைப் பார்த்தாரா, இல்லையா என்று தெரியாது. அவர் மேனேஜர் பக்கம் திரும்பி, "நான் சொல்றேன் சார். ஊர் பேர்ல நான் சொல்றேன். போடச் சொல்லுங்க" என்றார்.

மூன்றாவது சங்கு அரைகுறையாக ஊதியது. தரை குலுங்கியது. வெள்ளைத் தூசி எழும்பிக் கறுத்த வானத்தை மறைத்தது. கல் மழை கருவேலங்காட்டுக்குள் சடசடவென்று இறங்கியது. கொடி அவள் தோளளவிலேயே நின்றிருந்தது.

பிறகு ஓடினாள். பொகை அடங்கும்வரை யாரும் போகக்கூடாது என்று எத்தனையோ பேரைத் தடுத்தவள், தூசிக்குள் முதல் ஆளாக ஓடினாள். வண்டிப்பாதையை விட்டு விலகி, சீமைக்கருவேலம் அடர்ந்த பழைய தோட்டம் ஒன்றில், கதவில்லாத மோட்டார் ரூம் இருந்தது. அதன் பின்சுவரில் மொபெட் சாய்த்து நிறுத்தியிருந்தது. பாதையிலிருந்து பார்த்தால் தெரியாது. மோட்டார் ரூமின் சிமெண்ட் ஷீட் நொறுங்கி உள்ளே விழுந்திருந்தது. ஷீட்டுக்கு அடியில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி தெரிந்தது. தயிர்சோறு தரையெல்லாம் சிதறி, அதன்மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

பாலையா சுவரோரம் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார். தலை முழுக்க வெள்ளை. நெற்றியிலிருந்து ரத்தம் அந்த வெள்ளையில் கோடு போட்டு இறங்கியது. தோள்பட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம். கண் மட்டும் திறந்திருந்தது. தங்கலட்சுமியைப் பார்த்துப் பேசினார். நிறுத்தாமல் பேசினார். அவளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. இத்தனை வருசமாக அவளிடம் தமிழில் பேரம் பேசியவர், அருப்புக்கோட்டைத் தறிக்காரக் குடும்பங்கள் வீட்டில் பேசுகிற கன்னடத்தில் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே? என்ன சொல்றீக? அண்ணே!" என்று அவள் கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

வீரணனின் டிப்பரில்தான் அவரை ஏற்றினார்கள். ரோட்டுக்கு வந்து ஆம்புலன்சுக்கு மாற்றி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தங்கலட்சுமி கூடவே போனாள். பாலையாவின் மனைவி பஞ்சம்மாள் வந்தபோது, தூசி அப்பிய சேலையோடு நின்றிருந்த தங்கலட்சுமிதான் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பஞ்சம்மாள் புருசனிடம் குனிந்து அவர் வாயருகே காது வைத்துக் கேட்டாள்.

"என்னம்மா சொல்றாரு? அங்கயும் இதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"மில்லுல பாய்லர் வெடிச்சிருச்சான்னு கேக்குறாரு."

"மில்லா? அங்க ஏது மில்லு?"

பஞ்சம்மாள் அவளை வெறித்துப் பார்த்தாள். "சங்கு ஊதுச்சாம். மணி ஆயிருச்சுன்னு சாப்பிட உக்காந்தாராம். எங்க ஊர்ல மில்லுச் சங்கு ஊதுனா சாப்பாட்டு நேரந்தானம்மா?"

தங்கலட்சுமி ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிவிடு என்று எச்சரித்து ஊதிய சங்கைக் கேட்டு அந்த மனிதர் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறார். ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் அந்தச் சங்கின் அர்த்தம் தெரியும். மேய்கிற ஆட்டுக்குக்கூடத் தெரியும். மாசம் தவறாமல் வந்துபோகிற ஒருவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று எவருக்குமே தோன்றவில்லை. "வெடி இருக்கு" என்று சொன்ன அவளுக்கும், "சங்கு ஊதுனா ஓடியாங்க" என்று சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை.

போலீஸ் கேஸ் ஆனது. குவாரியை நிறுத்திவைத்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் பள்ளிக்கூட வளாகத்திலேயே ஊரைக் கூட்டினார்கள். மேனேஜர் சட்டையை இன் பண்ணி, நிதானமாக எழுந்து நின்றார்.

"சார், நாங்க ஒப்பந்தப்படிதான் நடந்தோம். ஊர்க்கமிட்டி சொல்லாம நாங்க எந்த வெடியும் போடறதில்ல. அன்னைக்கும் கமிட்டித் தலைவர் வாயால சொன்ன பிறகுதான் போட்டோம். இத்தனை பேர் சாட்சி. பொறுப்பு ஊருக்குத்தான்."

சாலையில் உட்கார்ந்து, லத்தி அடி வாங்கி, பெண்கள் ஸ்டேஷனில் ராத்தங்கிப் பெற்ற கமிட்டி அது. குவாரி கழுத்தில் போட்ட கயிறு என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். இப்போது அதே கயிற்றை எடுத்து ஊரின் கழுத்தில் போட்டுவிட்டு அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

உக்கிரபாண்டி எழுந்தார். அவர் மறுப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். "சொன்னது நாந்தான்" என்றார். "உள்ள நின்ன பயலுகளக் காப்பாத்தணும்னுதான் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல." பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "என் வண்டியும் வரிசைல நின்னுச்சு. அதனால சொன்னேனான்னு கேட்டா... எனக்கே தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். லாரிச் சக்கரத்தில் தலை வைத்தவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு, பக்கத்தில் இருந்த அவர் மனைவி கருத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது யாரோ, "தங்கலட்சுமி ஒருத்திதான் கடைசி வரைக்கும் கொடிய எறக்கல. அவளத் தலைவரா போடுங்க" என்றார்கள். கைதட்டல்கூட எழுந்தது. அவள் எழுந்து நின்றாள். அந்தப் பெரிய தொண்டை அன்றைக்கு முதல் வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எங்கையி எறங்கிக்கிட்டுதான் இருந்துச்சு" என்றாள்.

"என்னத்தா சொல்ற?"

"எறங்கிக்கிட்டு இருந்துச்சுங்கறேன். மாமா சொல்றதுக்குள்ள தோளுக்கு வந்துருச்சு. இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தா நானே எறக்கிருப்பேன். மின்னலுக்குப் பயந்தேன், சரிதான். ஆனா எங்க வண்டி நிக்கிறதும் கண்ணுல பட்டுச்சு. வீட்ல டிப்பர் இருக்கறவ கையி எறங்கத்தான் செய்யும். அந்தக் கொடி எங்கிட்ட இருக்கக்கூடாது. டிப்பர் இருக்கற யாரு வீட்லயும் இருக்கக்கூடாது."

பின்வரிசையில் நின்ற வீரணன் வெளியே போய்விட்டார்.

அன்றைய கூட்டம் இருட்டும்வரை நடந்தது. சண்டை, கூச்சல், ஒருவன் செருப்பைக் கழற்றியது எல்லாம் நடந்தது. குவாரியை மூடியே ஆக வேண்டும் என்று பாதி ஊர். மூடினால் தவணை யார் கட்டுவது என்று மீதி ஊர். கடைசியில் டிப்பர் வைத்திருக்கிறவர்களோ, குவாரியில் சம்பளம் வாங்குகிறவர்களோ குழுவில் இருக்க முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். மேகம் போட்ட நாளில் குழியில் மருந்து ஏற்றக்கூடாது. வெடிக்கு முன்னால் குழு ஆட்கள் ஒவ்வொரு பாதையிலும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். தலைவர் என்று தனியாக எவரும் கிடையாது, ஒருவர் வாய்ச்சொல் செல்லாது. அதிகாரிகள் அதை ஒப்புக்கொள்ளவே மாதங்கள் ஆயின. குவாரி மறுபடி திறந்தது. மேனேஜரை மாற்றினார்கள். கேஸ் நடக்கிறது. உக்கிரபாண்டி கோர்ட்டுக்குப் போய்வருகிறார், ஊர்க்கூட்டத்துக்கு வருவதில்லை.

தெற்கு முனையில் இப்போது டிப்பர் இல்லாத வீட்டுப் பெண் சுகந்தி நிற்கிறாள். தங்கலட்சுமி மறுபடி மிளகாய்க் காட்டுக்குப் போகிறாள். வீரணன் அவளோடு ரொம்ப நாள் பேசவில்லை. "கைதட்டுன ஊரு நம்ம லோனக் கட்டுமா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். வண்டி இன்னும் ஓடுகிறது.

பங்குனியில் ஒருநாள் மிளகாய் விற்க அருப்புக்கோட்டைக்குப் போனபோது, விசாரித்துக்கொண்டு பாலையா வீட்டுக்குப் போனாள். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. பஞ்சம்மாள் அவளை அடையாளம் கண்டு, உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தாள்.

"அண்ணன் எப்பிடிம்மா இருக்காரு?"

"தோள் கூடிருச்சு. காதுதான் ரெண்டும் போச்சு. ஆரன் அடிச்சாக் கேக்காது, வண்டி ஓட்ட முடியாது. சேலை யாவாரத்த விட்டாச்சு." பஞ்சம்மாள் வீட்டின் பின்பக்கத்தைக் கை காட்டினாள். அங்கே பக்கத்துத் தறிக்கூடத்தில், ஓடுகிற இரண்டு தறிகளுக்கு நடுவில், முதுகைக் காட்டியபடி பாலையா நின்றிருந்தார்.

"சின்ன வயசுல தறிலதான் இருந்தாரு. இந்தச் சத்தம் மண்டைக்குள்ள இடிக்குது, தாங்கலன்னுதான் மூட்டையக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனாரு. காடு கரையில நிம்மதியா இருக்கு, ஒரு சத்தமும் இல்லம்பாரு." பஞ்சம்மாள் முகத்தில் கோபம்கூட இல்லை. "இப்ப ஒண்ணும் தெரியல அவருக்கு. நாள் பூராவும் நிக்கிறாரு."

தங்கலட்சுமி காபித் தம்ளரைப் பிடித்தபடி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவில்லை. கூப்பிடலாம் என்று வாயெடுத்தாள். கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.